சிமெண்டுக்கு மறுநாள் மெத்தை

எங்கள் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் ஒன்பது பேர். நாளொன்றுக்கு ஒன்பது வண்டி வரும். வண்டிக்கு ஒரு ஆள். காலை ஏழு மணிக்கு வருவது சிமெண்ட், அறுபது மூட்டை. அடுத்து தரை ஓடு, அப்புறம் பெயிண்ட் டப்பா, குழாய்க் கட்டு என்று பாரம் இறங்கிக்கொண்டே போய், சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி வண்டியில் மெத்தை வரும். மெத்தை தூக்குவது ஒரு வேலையே இல்லை. அது நம்மைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

யாருக்கு எந்த வண்டி என்பதைச் சுவர் சொல்லும். நாங்கள் சட்டை மாற்றுகிற கொட்டகையில் ஒரு சுவருக்குக் கருப்பு அடித்து, அதில் சுண்ணக்கட்டியால் ஆளுக்கொரு குறி போட்டிருக்கிறோம். என்னுடையது கொக்கி. என் மச்சினனுடையது குடை. மற்றவர்களுக்குச் சீப்பு, மீன், சாவி, ஏணி என்று ஒவ்வொன்று. ஆரம்பத்தில் எங்களில் ஒருத்தருக்கும் எழுத்து தெரியாது, அதனால் வந்த குறிகள். நான் நாற்பத்தொரு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதற்காக எட்டுப் பேருடைய சுவரை மாற்ற முடியுமா? குறி அப்படியே இருக்கிறது.

முதல் குறிக்காரனுக்கு முதல் வண்டி, கடைசிக் குறிக்காரனுக்குக் கடைசி வண்டி. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் எல்லாவற்றையும் அழித்து, முதல் குறியைக் கடைசியில் வைத்துப் புதிதாக எழுதுவோம். ஆக ஒருத்தனுக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் சிமெண்ட். சிமெண்டுக்கு மறுநாள் மெத்தை. இதை முதலில் யோசித்தவன் யார் என்று தெரியாது. இடுப்பு என்று ஒன்று இருப்பதை அறிந்தவன்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் மரபு மற்றும் அடையாள மேம்பாட்டு மன்றத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரு தோளில் கேமரா, ஒரு தோளில் ஒலிப்பதிவுப் பெட்டி, கையில் களிமண் வாளி. தன்னைப் பல்துறைக் கலைஞர் என்று சொன்னாள். சமூகத்தோடு சேர்ந்து வேலை செய்து மரபையும் அடையாளத்தையும் தேடுவது அவள் தொழில். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் பல்துறையம்மா.

"உங்க சமூகத்தோட மரபுன்னா எதைச் சொல்வீங்க?" என்று என் மச்சினனைக் கேட்டாள்.

"அதெல்லாம் முதலாளி ரூம்ல இருக்கும் மேடம். நாங்க வெளியவே நின்னுக்குவோம்" என்றான் அவன்.

அவள் நல்ல பெண். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள், வாளியை யாரையும் தூக்க விடமாட்டாள். ஆனால் அவளுடைய துறைகள் ஒவ்வொன்றாக வெளியே வர ஆரம்பித்தன. முதல் வாரம் நாங்கள் மூச்சு வாங்குவதைப் பதிவு செய்தாள். இரண்டாம் வாரம் எங்கள் தோள்களைக் களிமண்ணில் அச்சு எடுத்தாள். மூன்றாம் வாரம் காலி சாக்கை வைத்துக்கொண்டு ஆடினாள். நாங்கள் ஓரமாக நின்று பார்த்தோம். நான்காம் வாரம் சமூகப் பயிலரங்கம். அதாவது நாள் முழுவதும் மூட்டை தூக்கிய பிறகு, வட்டமாக நின்று, மூட்டை தூக்குவதாக நடிக்க வேண்டும்.

என் மச்சினன் பிரமாதமாக நடித்தான். முக்கினான், நெற்றியைத் துடைத்தான், வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான். இருபது வருடத்தில் அவன் அப்படி ஒரு மூட்டையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. என் முறை வந்தது. நான் குனிந்தேன், எடுத்தேன், நடந்தேன், வைத்தேன்.

பல்துறையம்மா தயங்கிக்கொண்டே சொன்னாள். "தப்பா நினைக்காதீங்கண்ணா. நீங்க பண்றது மூட்டை தூக்குற மாதிரியே இல்ல."

பிறகு தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்குப் போனவள் சுவரைப் பார்த்துவிட்டாள். விளக்கம் கேட்டாள். நான் சொன்னேன். கேட்டு முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. நாங்கள் பயந்துபோய்ச் சுண்ணாம்புத் தூசி என்று நினைத்துக் கண் கழுவத் தண்ணீர் கொடுத்தோம்.

மறுநாளே மன்றத் தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி. சிமெண்ட் கிடங்குக்கு அதை அணிந்து வருவதற்கே ஒரு துணிவு வேண்டும். சுவருக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். உதவியாளர் ஒருவர் அவர் நிற்பதைப் படம் எடுத்தார்.

"இது யாரும் தொடக் கூடாத சுவர்" என்றார் தலைவர்.

"தினம் நாங்கதான் தொடுறோங்க. சாயங்காலம் அழிச்சிட்டு எழுதுவோம்" என்றேன்.

தலைவர் என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எத்தனை வருடமாக அழிக்கிறீர்கள்?"

"முப்பது வருஷம் இருக்கும்."

அவர் உதவியாளரின் தோளைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருட மரபை நாங்கள் தினம் ஒருமுறை அழித்திருக்கிறோம் என்பது அவருக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே உத்தரவு வந்தது. சுவர் இனி மன்றத்தின் பாதுகாப்பில். யாரும் அழிக்கக் கூடாது. அது வாழும் மரபு என்பதால், சுவரில் உள்ள வரிசைப்படியே வேலையும் நடக்க வேண்டும். அதை மாற்றினால் மரபு மீறல். முதலாளியும் கையெழுத்துப் போட்டார். கடையின் விளம்பரத் தாளில் சுவரின் படத்தை அச்சடிக்கலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அன்று சுவரில் முதல் குறி எது என்று சொல்லவில்லையே. கொக்கி. கடைசிக் குறி குடை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மெத்தை நினைப்போடு மெதுவாகப் போனேன். மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்துக் கூப்பிட்டார். "கொக்கி, சிமெண்ட்." அதற்கு மறுநாளும் கொக்கி, சிமெண்ட். அதற்கு மறுநாளும். சாயங்காலம் நாலு மணிக்கு என் மச்சினன் தலையில் இரண்டு மெத்தையை வைத்துக்கொண்டு, அதன் நிழலிலேயே நடந்து போனான்.

சுவரைக் காக்க மன்றம் ஒருவரை அனுப்பியது. பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முக்காலியும் விசிலும் அவருடைய சொந்தப் பொருட்கள். சுவருக்கு மூன்றடிக்குள் யார் வந்தாலும் விசில் அடிப்பார். எங்கள் குடிதண்ணீர்ப் பானை இரண்டடியில் இருந்தது. தண்ணீர் குடிக்க ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆனது. எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன் என்பதால், சிமெண்ட் இறக்கிவிட்டு வந்து ஒன்பது பேருக்கும் தாகம் எழுதுவேன்.

பத்தாம் நாள் என்னால் காலணிக் கயிறு கட்டக் குனிய முடியவில்லை. வீட்டில் மனைவி இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

"உன் தம்பி தினம் மெத்தை தூக்குறான். ஒரு வார்த்தை கேளேன்" என்றேன்.

அவள் கை கொஞ்சம் மெதுவாயிற்று. "அவன் மட்டும் என்னங்க சும்மாவா இருக்கான். மெத்தையும் பாரம்தானே."

"எதுக்குப் பாரம்?"

"கண்ணுக்குப் பெரிசா இருக்கில்ல" என்றாள். பிறந்த வீடு என்று வந்துவிட்டால் அவளும் ஒரு மன்றம்தான்.

மச்சினனோ வேறு ஆளாக மாறியிருந்தான். தினம் நாலு மணி வரை ஓய்வு கிடைத்ததில், சுவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். அவன் குடைக் குறி போட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்று குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்தான், அந்தத் துக்கத்தில் வரைந்தது. இப்போது அவன் சொன்னது வேறு.

"எங்க வம்சத்துக்கே குடைதாங்க. மத்தவங்களுக்கு நிழல் குடுத்துட்டு நாங்க வெயில்ல நிப்போம்."

கேட்டவர்கள் குறித்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் சிமெண்டோடு போய்க்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, இங்க வெயில்ல நிக்கிறது யாரு?"

"மாமா, மரபு பேசிட்டு இருக்கோம். குறுக்க வராதீங்க" என்றான்.

மற்ற ஏழு பேருக்கும் அவனவன் வண்டி பழகிப்போயிற்று. ஆனால் தரை ஓட்டுக்காரன் மட்டும் என் பக்கம் நின்றான். அவன் கொட்டகையின் எதிர்ச் சுவரில் புதிதாக ஒன்பது குறி போட்டு, பழைய மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்றான். போட்டோம். சுண்ணக்கட்டியைக் கீழேகூட வைக்கவில்லை, விசில் கேட்டது. மன்றத்திலிருந்து கடிதம் வந்தது: மரபு தானாகவே எதிர்ச் சுவருக்குப் பரவியிருப்பது மகிழ்ச்சிக்குரியது, அந்தச் சுவரும் பாதுகாக்கப்படுகிறது. கதவில் எழுதினோம். கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது கொட்டகைக்குக் கதவில்லை, சட்டை மாற்றும்போது சுவரைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது, மூன்றடி தள்ளி.

கடைசியில் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசை எழுதினேன். விசில்காரர் அதை வாங்கி ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தார். "காகிதம் வெளியிலேருந்து வந்த பழக்கமாம். மரபுல கலப்படம் ஆயிடும்னு எழுதியிருக்கு" என்றார். அவருக்கும் அதில் சந்தோஷமில்லை. நோட்டுக்குப் பதிலாகத் தன் பாயைக் கொடுத்து, மத்தியானம் கொஞ்சம் படுத்துக்கொள்ளச் சொன்னார்.

மனு எழுதுவதென்று முடிவு செய்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஐந்து தாள் கிழித்து, ஆறாவது தாளில் தெளிவாக எழுதினேன். இடுப்பைப் பற்றி ஒரு பத்தி, மெத்தையைப் பற்றி ஒரு பத்தி. மன்றத்திலிருந்து ஒரு உதவிச் செயலாளர் நேரில் வந்தார்.

"இந்த மனுவை யார் எழுதியது?"

"நான்தாங்க."

"மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் சிக்கல். எங்கள் பதிவின்படி இது எழுத்தறியாத சமூகத்தின் மரபு. இவ்வளவு நன்றாக எழுதுகிறவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்க முடியாது. சேராதவர் மனு கொடுக்க முடியாது."

"அப்ப நான் சேராதவன்னா, சிமெண்ட் நான் தூக்க வேணாமில்ல?"

அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "தூக்குவதற்குச் சேர்ந்தவர். எழுதுவதற்குச் சேராதவர்."

மனு வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக ஒரு தாளை நீட்டினார். நான் பேனாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து, பெருவிரலை மையில் தோய்த்து, தானே அழுத்தினார். "இதில் எவ்வளவு உயிர் இருக்கிறது பாருங்கள்" என்றார். என் பெயரை நான் ஒழுங்காக எழுதப் பழகுவதற்கு எட்டு மாதம் ஆனது.

அன்று மத்தியானம் பல்துறையம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டைத் திறக்கவில்லை.

"அண்ணா, என்மேல கோவமா?"

"கோவம் வந்தா கல்லெடுக்கக் குனியணும்மா. இப்போதைக்கு முடியாது."

அவள் சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த மரபே அழிச்சு எழுதுறதுலதான் இருக்குன்னு அறிக்கை எழுதிக் குடுத்தேன். அழிக்கிறதுங்கிற சொல் நம்பிக்கையைக் குலைக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு தடவை."

"நீ வேலையை விட்டுரலாமே."

"எங்கப்பா டயர் கடை வச்சிருந்தார். நான் கடை வாசல்ல டயருக்குள்ள உக்காந்துதான் படம் வரையக் கத்துக்கிட்டேன். அதை எழுதினா மன்றத்துல சேத்துக்கல. டயர்ல மரபு இல்லையாம். அப்புறம் யோசிச்சு வேற எழுதினேன்."

"என்ன எழுதின?"

"வட்டங்களோட வாழ்ந்த குடும்பம்னு" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு இடுப்பில் சுளுக்கென்றது. சிரிப்பையும் மரபு மீறலாக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் சுவரின் திறப்பு விழா. ஏற்கெனவே திறந்திருந்த சுவருக்கு ஒரு திரை போட்டு, அதைத் திறப்பதாக ஏற்பாடு. காலை வெளிச்சம் படத்துக்கு நல்லது என்று தலைவர் சொன்னதால் ஆறரை மணிக்கே நாற்காலி போட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். மச்சினன் சட்டையில் குடைப் படம் போட்ட வில்லை குத்தியிருந்தான். தலைவர் பேசினார்.

"நான் மரபை நேசிப்பவன். அதனால்தான் அதை மக்கள் கையில் விட்டுவைக்கக் கூடாது என்கிறேன். மக்கள் எதையும் பயன்படுத்திவிடுகிறார்கள். பயன்படுத்தினால் தேய்ந்துவிடுகிறது. இந்த மன்றம் இதுவரை நாற்பத்திரண்டு மரபுகளைக் காப்பாற்றியிருக்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட இன்று யாரும் கடைப்பிடிப்பதில்லை. அவ்வளவு பத்திரமாக இருக்கின்றன."

கை தட்டினார்கள்.

"இந்தத் தொழிலாளர்கள் ஒரு நாள் என்னிடம் வந்து, ஐயா, எங்களுக்கு ஓர் அடையாளம் கொடுங்கள் என்று கேட்டார்கள்."

நாங்கள் ஒன்பது பேரும் யார் போய்க் கேட்டது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நான் உங்களிடமிருந்து வேறானவன் அல்ல. நீங்கள் மூட்டையைச் சுமக்கிறீர்கள், நான் பொறுப்பைச் சுமக்கிறேன். எது கனம் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்று முதல் நானும் உங்களில் ஒருவன். அதற்குச் சாட்சியாக இந்தச் சுவரில் என் குறியையும் இடப் போகிறேன்."

உதவிச் செயலாளர் மெல்ல, சுவரைத் தொட விதி இடம் தராது என்றார். தலைவர் தொடுவது தொடுவதில் சேராது, அது செழுமைப்படுத்துவது என்று அங்கேயே ஒரு விதி எழுதப்பட்டது. தலைவர் சுண்ணக்கட்டியை எடுத்தார். குடைக்குப் பின்னால், பத்தாவதாக, நிறைய இடம் இருந்தது. தலைவர்கள் பத்தாவதாக நிற்பதில்லை. என் கொக்கிக்கு முன்னால் ஒரு சாண் இடம் இருந்தது, அங்கே போனார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல துணி உடுத்திய மனிதர். "ஐயா, வேணாங்க. அங்க குறி போட்டா தூக்கணுங்க" என்றேன்.

"ஆகா" என்றார் தலைவர் பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பி. "குறி போட்டால் தூக்க வேண்டும். எவ்வளவு ஆழமான சொல்." அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர் சிங்கம் வரைந்தார்.

வரைந்து முடித்த நேரம் ஏழு மணி. வெளியே வண்டி ஆரன் அடித்தது. முப்பது வருடப் பழக்கம், மேற்பார்வையாளர் கொட்டகை வாசலில் வந்து நின்று சுவரைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"யாருப்பா அது, முடி வச்ச பூசணிக்காய்? சிமெண்ட் வந்தாச்சு."

நான் வழக்கம்போலத் துண்டை எடுத்துத் தோளில் போட்டு ஓரடி வைத்தேன். விசில் கேட்டது.

"வரிசை மாறக் கூடாது" என்றார் விசில்காரர் முக்காலியிலிருந்து எழுந்து. நாற்பது வருடம் டிக்கெட் பரிசோதித்த குரல். "முதல் குறி யாரோ அவங்கதான் முதல் வண்டி. மீறினா மரபு மீறல். ஐயா கையெழுத்துப் போட்ட உத்தரவு, என் பையில இருக்கு."

"அது தொழிலாளர்களுக்கு" என்றார் உதவிச் செயலாளர்.

"இன்னையிலேருந்து தானும் ஒருத்தர்னு ஐயா இப்பத்தானே சொன்னாங்க" என்றாள் பல்துறையம்மா. அவள் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரர்களுடையதும்.

தலைவர் சிரித்தபடியே வண்டிக்கு வந்தார். வழியில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துவிட்டது. என் துண்டை மடித்து அவர் தோளில் வைத்தேன். முட்டியை மடக்கச் சொன்னேன், மூச்சைப் பிடிக்க வேண்டாம் என்றேன். தரை ஓட்டுக்காரனும் நானும் ஒரு மூட்டையை எடுத்து, பூப்போல, அவர்மேல் வைத்தோம்.

ஒரு அடி நடந்தார். இரண்டாவது அடி நடந்தார். மூன்றாவது அடியை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றார். வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தனை?" என்றார் மிகச் சின்னக் குரலில்.

"ஐம்பத்தொம்பதுங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கு அறுபதுங்க. வரிசை மாறாதில்ல."

மூட்டைக்கு அடியிலிருந்தபடியே தலைவர் உத்தரவு சொன்னார். உதவிச் செயலாளர் அவர் முகத்தைப் பார்க்கக் குனிந்து நின்று எழுதிக்கொண்டார். நெடிய ஆராய்ச்சிக்குப் பிறகு மன்றம் ஓர் உண்மையைக் கண்டறிந்துள்ளது. இந்த மரபின் உயிர், குறிகளை நாள்தோறும் அழித்து எழுதுவதில்தான் இருக்கிறது. முதல் குறி உடனே கடைசிக்குப் போக வேண்டும். உடனே என்றால் இப்போதே.

"ஐயா, அதைத்தான நாங்க முப்பது வருஷமா..." என்று என் மச்சினன் ஆரம்பித்தான். அவன் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அந்த இடுப்பு நாற்பது நாளாகச் சும்மா இருந்த இடுப்பு.

பூசணிக்காயை நானே ஈரத்துணியால் துடைத்துக் கடைசியில் வரைந்தேன். விசில் கேட்கவில்லை. இப்போது கொக்கிதான் முதல், ஆகவே மீதி ஐம்பத்தொன்பது மூட்டையும் என் தலையில்தான் விழுந்தது. வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே இறக்கினேன். மறுநாள் மெத்தை வண்டி பூசணிக்காய் முறை. ஆள் வராவிட்டால் அடுத்த குறிக்காரன் தூக்க வேண்டும் என்பது எங்கள் பழைய ஏற்பாடு. பூசணிக்காய்க்கு அடுத்தவன் நான். இரண்டு மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு, தேவையே இல்லாமல் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

விழா முடிந்து எட்டு நாள் ஆகிவிட்டது. நேற்று மச்சினனுக்கு வரிசையில் இரண்டாமிடம், தரை ஓடு. இன்று முதலிடம். காலையில் பதினைந்தாவது மூட்டையில் என்னைக் கூப்பிட்டு, "மாமா, நம்ம வம்சத்துல குடையெல்லாம் ஒன்னும் கிடையாது" என்றான். பதினாறாவதை அவன் தோளில் ஏற்றிவிட்டேன். மனைவி சாயங்காலம் எண்ணெயோடு தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

தலைவருடைய குறியை எடுக்கவும் முடியாது. அது பாதுகாக்கப்பட்ட குறி. எல்லாக் குறிகளையும்போல அதுவும் தினம் ஓரிடம் நகர்ந்து, நாளைக் காலை முதலிடத்துக்கு வருகிறது. அவர் வரவில்லை என்றால் அடுத்தவன் நான். அதனால் போன வாரமே மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். இன்ன தேதி காலை ஏழு மணிக்குத் தங்கள் முறை, சிமெண்ட், அறுபது மூட்டை, பழைய சட்டை அணிந்து வருவது நலம் என்று.

இன்று பதில் வந்துவிட்டது. தலைவரின் முறை குறித்து ஆராயத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறதாம். உறுப்பினர்கள் ஐந்து பேரும் காலை ஏழு மணிக்கு நேரில் வருகிறார்களாம். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு மூட்டையை எப்படியும் நகர்த்திவிடலாம். மீதிக்காக என் துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.